முகப்பெட்டியும் ஒரு முழங்கையும்

அந்த ஆஸ்பத்திரியில் சோர்வு ஒழிக்கப்பட்டுவிட்டது. ஒழித்தவர் இயக்குநர், ஒழித்த கருவி முகப்பெட்டி. ஒழித்த தேதியைப் பித்தளைப் பலகையில் பொறித்து வாசல் சுவரில் மாட்டியிருந்தார்கள். சாதாரண சளிக்கே இன்னும் மருந்து கண்டுபிடிக்க முடியாத உலகத்தில், சோர்வை ஒழிக்க இயக்குநருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போதுமானதாக இருந்தது.

முகப்பெட்டி ஒன்றும் பெரிய விஞ்ஞானம் இல்லை. இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பம், கம்பத்தின் தலையில் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி, பெட்டியின் மேல் இரண்டு பொத்தான். ஒன்று சிரிக்கிற பச்சை முகம், இன்னொன்று அழுகிற சிவப்பு முகம். ஒவ்வொரு பிரிவின் வாசலிலும் ஒன்றை நட்டு வைத்திருந்தார்கள். வேலை முடிந்து போகிறவர்கள் அன்றைக்குத் தங்கள் மனம் எப்படி இருந்தது என்பதை ஒரே அமுக்கில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஆரம்பத்தில் நடுவில் மஞ்சளாக ஒரு முகம் இருந்தது, சிரிக்காமல், அழாமல். எல்லோரும் அதையே அமுக்கியதால் நிர்வாகத்துக்கு ஒன்றும் விளங்காமல் போய், மஞ்சளைப் பிடுங்கிவிட்டார்கள்.

பெட்டி யாருடைய பெயரையும் கேட்காது. ஊழியர்களின் ரகசியம் காக்கப்படும் என்று அதன் நெற்றியிலேயே எழுதியிருந்தது. பச்சையை அமுக்கினால் கொசு முனகுகிற மாதிரி ஒரு 'டிங்'. சிவப்பை அமுக்கினால் லாரி ஹாரன் மாதிரி 'பாம்' என்று அலறும். அந்த மாடி முழுவதும் திரும்பிப் பார்க்கும். உதவி உடனே ஓடிவர வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. உதவி என்றால் பதினான்கு பக்கப் படிவம், வேலை முடிந்த பிறகு இரண்டு மணி நேரம் ஆலோசனை, வார விடுமுறையில் தாங்குதிறன் வகுப்பு. இத்தனை உதவியையும் தாங்குவதற்குச் சோர்ந்துபோனவனிடம் தெம்பு ஏது? அதனால் ஆஸ்பத்திரி முழுக்கப் பச்சையாக இருந்தது. கண்ணைத் திறக்க முடியாதவர்களும் தடவிப் பார்த்துப் பச்சையை அமுக்கினார்கள். லீவில் இருப்பவர்களின் சந்தோஷம் விட்டுப் போகக் கூடாதே என்று மேட்ரன் அம்மா தினமும் சாயங்காலம் நின்று நிதானமாக நாற்பது அமுக்கு அமுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

மஞ்சள் போன முதல் மாதம் மகிழ்ச்சி தொண்ணூற்றெட்டு சதவீதம் வந்தது; மீதி இரண்டு, அமுக்க மறந்தவர்கள். இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்றால் இவர்களுக்கு வேலை போதவில்லை என்றுதானே அர்த்தம்? நிர்வாகக் குழு கூடி யோசித்து, மூன்றாம் மாடியில் ஆறு நர்ஸ் இருந்த இடத்தில் நாலு பேர் போதும் என்று தீர்மானித்தது. அடுத்த மாதம் மகிழ்ச்சி தொண்ணூற்றொன்பதரைக்கு ஏறியது.

மிஞ்சிய நாலு பேரில் ஒருத்திதான் நம்முடைய சிஸ்டர். அவளுக்கு அங்கே வைத்திருந்த பெயர் 'ஒரு நிமிஷம்'. பன்னிரண்டாம் படுக்கைக்காரர் தண்ணீர் கேட்பார், பதினாறாம் படுக்கைக்காரருக்கு டிரிப்ஸ் தீர்ந்திருக்கும், டாக்டர் கேஸ் ஷீட்டைத் தேடுவார், போன் அடிக்கும். எல்லாருக்கும் சேர்த்து அவள் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டி, "ஒரு நிமிஷம்" என்பாள். அந்த நிமிஷம் சில நாள் முக்கால் மணி நேரமாகும். ஆனால் வராமல் இருந்ததில்லை. அதனால் யாரும் அவளைக் கோபித்துக்கொள்வதில்லை. "ஒரு நிமிஷம் சொல்லிட்டாங்கல்ல, வந்துடுவாங்க" என்று நோயாளிகளே புதிதாக வந்தவர்களுக்குத் தைரியம் சொல்வார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். நாலு வயசில் ஒரு மகள், குட்டி என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. "ஒரு நிமிஷம்" என்று அம்மா சொல்வது கேட்காவிட்டாலும் அந்த விரல் அவளுக்குத் தெரியும். குழந்தை முதலில் கற்றுக்கொண்ட சைகை பால் இல்லை, தண்ணீர் இல்லை, அம்மாவின் அந்த ஒற்றை விரல்தான். 

போன மாதம் இதே ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், காதுப் பிரிவில், குட்டிக்கு ஆபரேஷன் நடந்தது. காதுக்குள்ளே ஒரு கருவியை வைத்துத் தைத்தாகிவிட்டது. இனி வெளிப்பகுதியைக் காதோரம் மாட்டி ஸ்விட்ச் போட வேண்டும். போட்டால் குழந்தைக்கு வாழ்க்கையில் முதன்முதலாகச் சத்தம் கேட்கும். கருவி செய்கிற கம்பெனியின் ஆள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். அவர் வருகிற நாள் வியாழக்கிழமை, குட்டிக்குக் கொடுத்த நேரம் பத்தரை மணி. அந்த ஒரு மணி நேரம் பக்கத்தில் இருக்க வேண்டும், தன் குரலைத்தான் குழந்தை முதலில் கேட்க வேண்டும் என்பதைத் தவிர சிஸ்டருக்கு உலகத்தில் வேறு ஆசை எதுவும் அப்போது இல்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ஒரு வாரமாகப் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் டிரைவர். போனில் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னார். "போய்ட்டு வாப்பா, புள்ளைக்கு நல்லா கேட்கட்டும்" என்று பதில் வந்தது. முப்பது விநாடியில் லீவு. உயிர்காக்கும் துறையில் அப்படியெல்லாம் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று முடிவெடுக்க முடியாது அல்லவா?

அந்த வியாழனுக்கு இரண்டு வாரம் முன்பு நடந்ததுதான் விபத்து. அடுத்த ஷிப்டுக்கு ஆள் வராததால் தொடர்ந்து பதினாறு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, மதியம் இரண்டு மணிக்குச் சிஸ்டர் கிளம்பினாள். இரண்டு கையிலும் கட்டுப்போடுகிற தட்டுகள். போகிற வழியில் கழுவக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். எதிரே ஸ்ட்ரெச்சர் வந்தது. ஒதுங்கினாள். முழங்கை பெட்டிமேல் இடித்தது.

பாம்!

மாடி திரும்பிப் பார்த்தது. பத்து மாதத்தில் அந்தச் சத்தத்தை யாரும் கேட்டதில்லை. ஸ்ட்ரெச்சரில் மயக்கத்தில் கிடந்தவர்கூடக் கண்ணைத் திறந்தார்.

மலர்ச்சி அதிகாரி ஐந்தே நிமிஷத்தில் வந்து சேர்ந்தார். ஊழியர்களின் மனமலர்ச்சிக்கென்று தனியாக நியமிக்கப்பட்டவர். பத்து மாதமாக மலர வைக்க ஆள் கிடைக்காமல் வாடிப்போயிருந்தார்.

"சிஸ்டர், முதல்ல உக்காருங்க. மூச்ச இழுத்து விடுங்க. நாங்க இருக்கோம்."

"சார், முழங்கை பட்டுருச்சு. வேற ஒண்ணும் இல்ல."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

"எல்லாரும்னா யாரு சார்? நான்தானே முதல் ஆளு?"

"பாருங்க, கோபம் வருது. இதுவும் அறிகுறிதான்" என்று அதிகாரி குறித்துக்கொண்டார்.

பதினான்கு பக்கப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் சோர்வுக்கான காரணம் கேட்டிருந்தது. குடும்பப் பிரச்சினை, பிறவிச் சுபாவம், தவறான உணவுப் பழக்கம், நன்றியுணர்வுக் குறைவு என்று நாலு கட்டம். சிஸ்டர் நாலையும் இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். வேலை என்ற கட்டத்தைக் காணோம். முழங்கையும் இல்லை.

"வேலைன்னு ஒண்ணு இல்லையே சார்?"

"வேலை சோர்வு தராது சிஸ்டர். இயக்குநரே ஒரு கட்டுரைல நிரூபிச்சிருக்கார்."

கடைசிப் பக்கத்தில், 'உங்களுக்கு வேண்டியது என்ன?' என்று ஒரு வரி காலியாக இருந்தது. அதைப் பார்த்ததும் சிஸ்டருக்கு உயிர் வந்தது. மகளுக்குக் காதுக் கருவி ஸ்விட்ச் போடுகிறார்கள், வியாழன் காலை பத்தரையிலிருந்து ஒரு மணி நேரம் அனுமதி வேண்டும் என்று அழகான கையெழுத்தில் எழுதினாள்.

அதிகாரி படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "லீவு சிகிச்சை இல்ல சிஸ்டர். அது தப்பிச்சு ஓடுறது. நாங்க உங்கள ஓட விடமாட்டோம்."

சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். மறுநாள் வேலை முடிந்ததும் ஆலோசகர் அறைக்கு அனுப்பினார்கள். தொள்ளாயிரம் ஊழியர்களுக்கும் அவர் ஒருவர்தான் ஆலோசகர். ஊழியர்கள் யாரும் வராததால் அவர் சும்மா இருப்பதாக நிர்வாகம் நினைத்து, வெளிநோயாளிகள், ரத்த வங்கி, வாகன நிறுத்துமிடப் புகார்கள் மூன்றையும் அவர் தலையில் கட்டியிருந்தது. சிஸ்டர் போய் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கம்மா, மனசுல இருக்கறத அப்படியே கொட்டுங்க" என்றார் அவர்.

சிஸ்டர் மகளைப் பற்றி ஆரம்பித்தாள். மூன்றாவது வாக்கியத்தில் ஆலோசகரின் தலை சாய்ந்தது. நாலாவது வாக்கியத்துக்குக் குறட்டை வந்தது. அவள் பழக்கதோஷத்தில் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். சீராக இருந்தது. நாற்காலியின் பின்னால் கிடந்த துண்டை மடித்துக் கழுத்துக்கு வைத்து, மின்விசிறியைக் குறைத்து, யாரோ கதவைத் தட்டியபோது "ஒரு நிமிஷம்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஒன்றே முக்கால் மணி நேரம் காவல் இருந்தாள். அவர் பதறியடித்து எழுந்து மணியைப் பார்த்தார்.

"அய்யோ, என்னம்மா சொல்லிட்டு இருந்தீங்க?"

"பரவாயில்ல சார். நீங்க தூங்கி எத்தன நாளாச்சு?"

அவர் பேனாவை எடுத்தார். படிவத்தில், 'மிக நல்ல முன்னேற்றம்' என்று எழுதினார். யாருடைய முன்னேற்றம் என்று எழுதவில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அடுத்த வாரமும் கண்டிப்பா வாங்கம்மா" என்றார்.

அடுத்தது செடி. ஓர் உயிரை வளர்த்தால் மனம் இலேசாகும் என்று, இருபத்தெட்டு உயிர்களைப் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டரிடம் ஒரு தொட்டிச் செடியைக் கொடுத்தார்கள். அதற்குத் தனியாக ஒரு கேஸ் ஷீட். மணிக்கு ஒரு தடவை இலையைப் பார்த்து எழுத வேண்டும். தொட்டியில் ஒரு அட்டை தொங்கியது. 'இந்தச் செடியை எட்டு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சத்தில் வைக்காதீர்கள். களைத்துவிடும். வாரத்தில் ஒரு நாள் நிழலில் விட்டு, யாரும் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்ளவும்.' சிஸ்டர் அந்த அட்டையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் செடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனுஷியாகப் பிறந்ததற்கு அன்றைக்குத்தான் அவள் உண்மையில் வருத்தப்பட்டாள்.

வார விடுமுறையில் தாங்குதிறன் வகுப்பு. அவள் ஒருத்திக்காக வகுப்பு நடத்தினால் கூட்டம் இல்லாமல் அசிங்கமாக இருக்கும் என்று, அன்றைக்கு விடுமுறையில் இருந்த அறுபது பேரையும் வரவழைத்துவிட்டார்கள். அறுபது பேரும் அவளை ஒரு பார்வை பார்த்தார்கள். இயக்குநரே நேரில் வந்து பேசினார். அவர் டாக்டர்தான். ஆனால் நோயாளியைத் தொட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது.

"நான் இதுவரைக்கும் ஒரு நாள்கூடச் சோர்ந்தது இல்ல. எப்படின்னு கேளுங்க" என்றார்.

யாரும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"ரொம்ப சிம்பிள். மதியம் சாப்பிட்டதும் ரூம் கதவச் சாத்திட்டு, சோபாவுல முக்கால் மணி நேரம் கண்ண மூடுவேன். போன எடுக்கமாட்டேன். நாலு மணிக்கு ஒரு காபி. அஞ்சு மணிக்கு வீடு. இவ்வளவுதான்! இத உங்களால ஏன் செய்ய முடியல? மனசு இல்ல. அதான் காரணம்."

பின்வரிசையிலிருந்து வார்டு ஆயா எழுந்தாள். "எங்க ரூம்ல கதவே இல்லீங்களே சார். போன வருஷம் கழட்டிட்டுப் போனவங்க இன்னும் மாட்டல."

"கதவு மனசுல இருக்கணும்மா" என்றார் இயக்குநர். மலர்ச்சி அதிகாரி கைதட்டினார்.

இதற்கு நடுவே சிஸ்டர் மேட்ரன் அம்மாவிடம் மூன்று தடவை போய் நின்றாள். மூன்றாவது தடவை மேட்ரன் அம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"வியாழக்கிழமைய மட்டும் கேக்காத. அன்னைக்குத்தான் 'சோர்வில்லா மருத்துவமனை' விருதுக்கு வெளியிலிருந்து ஆய்வாளருங்க வர்றாங்க. பெரிய ஹால்ல விழா. நீதான் முக்கியமான ஆளு."

"நானா? நான் என்ன மேடம் பண்ணினேன்?"

"சோர்ந்து போய்க் குணமான ஒரே ஆளு நீதானே! மேடையில பெட்டிய வெப்பாங்க. பத்தே முக்காலுக்கு எல்லார் முன்னாடியும் நீ பச்சைய அமுக்கணும். அதுக்குத்தான் இவ்வளவு செலவு பண்ணி உன்னக் குணப்படுத்தியிருக்கு."

"மூணு மாடி கீழதான் மேடம். இதே கட்டடம். என் புள்ளைக்கு முதல்முதலா காது கேக்கப் போகுது. நான் பக்கத்துல இல்லன்னா அவ பயந்துடுவா."

மேட்ரன் அம்மா வேறு பக்கம் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. "எனக்குக் கிட்னியில கல்லு இருக்கு, தெரியுமா? ஏழு மாசமா வலி. ஸ்கேன் எடுக்க நேரமில்ல. ஸ்கேன் ரூம் என் ரூமுக்கு எதுத்தாப்ல இருக்கு" என்றார்.

இதற்குமேல் அவரிடம் என்ன கேட்பது?

வியாழக்கிழமை விடிந்தது. விழாவை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று, காத்திருக்கும் கூடங்களில் இருந்த டிவி எல்லாவற்றிலும் அதை நேரடியாகக் காட்ட இயக்குநர் உத்தரவு போட்டிருந்தார். மேடையின் பின்னால் பெரிய திரை. ஆஸ்பத்திரியில் இருக்கும் நாற்பது முகப்பெட்டிகளும் அதோடு இணைக்கப்பட்டிருந்தன. எந்த மூலையில் யார் எதை அமுக்கினாலும் அடுத்த நொடி எண்ணிக்கை திரையில் ஏறும். அன்றைய கணக்காகப் பச்சை 386, சிவப்பு 0 என்று அது பளபளத்துக்கொண்டிருந்தது. மேட்ரன் அம்மா விடியற்காலையிலேயே வந்து உழைத்திருந்தார்.

சிஸ்டரை மேடையில் நாலாவது நாற்காலியில், செடியை மடியில் கொடுத்து உட்கார வைத்தார்கள். எதிரே முதல் வரிசையில் மூன்று ஆய்வாளர்கள். பத்து இருபதுக்கு இயக்குநர் பேச எழுந்தார். கையில் இருந்த தாள்களைச் சிஸ்டர் எண்ணினாள், பதினெட்டு. பத்து இருபத்தைந்துக்கு வீட்டுக்காரரிடமிருந்து செய்தி வந்தது. 'வந்துட்டோம். உள்ளே கூப்பிடுகிறார்கள். குட்டி உன்னைத் தேடுகிறாள்.'

அவள் எந்தத் திட்டமும் போடவில்லை. செடியை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள். மலர்ச்சி அதிகாரி திடுக்கிட்டுப் பார்த்தார். அவள் ஒற்றை விரலைத் தூக்கி, "ஒரு நிமிஷம்" என்றாள்.

அவர் தலையாட்டினார். வாசலில் நின்ற மேட்ரன் அம்மா வழிவிட்டார். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் போனால் அவள் வந்துவிடுவாள் என்பதில் அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் என்றைக்கும் சந்தேகம் வந்ததில்லை. படிக்கட்டில் இறங்கும்போது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

காதுப் பிரிவில் ஒரே ஒரு மேடம்தான் எல்லாக் குழந்தைகளுக்கும் சோதனை செய்வார். முன்பு மூன்று பேர் இருந்தார்கள். அவர்களும் பச்சையாக அமுக்கி அமுக்கி ஒருவராகிவிட்டார்கள். சிஸ்டர் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது, குட்டி அப்பா மடியில் இருந்தாள். கருவியைக் காதோரம் மாட்டியாகிவிட்டது. கம்பெனிக்காரர் கணினிமுன் உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டீங்களா? உங்களுக்காகத்தான் மெதுவா மாட்டிட்டு இருந்தேன்" என்றார் காதுப் பிரிவு மேடம். அவர் கண்ணுக்குக் கீழே கன்றிப் போயிருந்தது. "ரெடியா? போடறேன்."

போட்டார். குட்டியின் முகம் ஒரு கணம் உறைந்துவிட்டது. பிறகு வாய் கோணி, கண் நிறைந்து, வீறிட்டாள். தன் அழுகைச் சத்தமே காதில் விழுந்ததும் இன்னும் பயந்து கருவியைப் பிடுங்கக் கையைத் தூக்கினாள். ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்துவைத்த வார்த்தை ஒன்றுகூடச் சிஸ்டருக்கு ஞாபகம் வரவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, விரலைத் தூக்கி, "ஒரு நிமிஷம்டி கண்ணு, ஒரே நிமிஷம்" என்றாள்.

குட்டி நிறுத்தினாள். விரலைப் பார்த்தாள், அம்மாவின் வாயைப் பார்த்தாள். அந்த விரலுக்கு ஒரு சத்தம் உண்டு என்பது இத்தனை நாள் அவளுக்குத் தெரியாது. மெல்லக் கையை நீட்டி அம்மாவின் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். சிஸ்டர் மறுபடி சொன்னாள். மறுபடி சொன்னாள். எத்தனை தடவை சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. பஸ் ஓட்டுகிற மனுஷன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

அரை மணி கழித்து வெளியே வந்தார்கள். காத்திருக்கும் கூடத்து டிவியில் இயக்குநர் பன்னிரண்டாவது தாளில் இருந்தார். கதவோரம் முகப்பெட்டி நின்றது. குட்டியின் உயரத்துக்கு அது மூக்குக்கு நேராக இருந்தது. இரண்டு முகங்களையும் பார்த்தாள். பச்சையை அமுக்கினாள். 'டிங்.' முதல் நாள் என்பதால் கருவியைக் குறைவாகத்தான் வைத்திருந்தார்கள். அவளுக்கு அந்த டிங் கேட்கவில்லை. சிவப்பை அமுக்கினாள்.

பாம்!

குட்டியின் கண் விரிந்தது. சுற்றிலும் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். மறுபடி அமுக்கினாள். பாம்! வாய்விட்டுச் சிரித்தாள். தான் ஒன்றைச் செய்தால் அது சத்தம் போடுகிறது! பாம்! பாம்! பாம்!

டிவியில் இயக்குநர் கையை உயர்த்தினார். "இன்று இந்த நிமிஷம்வரை, நம் ஆஸ்பத்திரியின் எந்த மூலையிலும், ஒரு சிவப்பு முகம்கூட இல்லை!" என்றார். அவருக்குப் பின்னால் திரையில் சிவப்பு ஏழு, எட்டு, ஒன்பது என்று ஏறிக்கொண்டிருந்தது. ஆய்வாளர்கள் மூன்று பேரும் கழுத்தை நீட்டினார்கள். சபை உற்றுப் பார்ப்பதைத் தன் பேச்சின் மகிமை என்று நினைத்து அவர் இன்னும் குரலை உயர்த்தினார்.

சிஸ்டர் டிவியைப் பார்த்தாள். ஓடிப்போய்க் குட்டியின் கையைப் பிடித்தாள். குட்டி திரும்பிப் பார்த்து, தன் சின்ன விரல் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். ஒரு நிமிஷம்.

அந்த விரலுக்குமேல் எந்தத் தாயால் என்ன பேச முடியும்? சிஸ்டர் கையை விட்டுவிட்டாள். நாடியை எண்ணி எண்ணிப் பழகிய மனசு தன்னால் எண்ணிக்கொண்டே போனது. அறுபத்து மூன்றாவது பாமோடு குட்டிக்குப் போதும் என்று தோன்றியது. அப்பாவிடம் போய்ச் சாய்ந்துகொண்டாள்.

கதவருகே காதுப் பிரிவு மேடம் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை. திட்டப்போகிறார் என்று சிஸ்டர் நினைத்தாள். அவர் டிவியைப் பார்த்தார். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு பெட்டியிடம் வந்து, வெட்கப்பட்டுக்கொண்டே, சிவப்பை ஒரு தடவை அமுக்கினார். அவர் தோள் இரண்டும் சற்று இறங்கின.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ரத்தம் எடுக்கிறவர் ஒருவர் அந்த வழியாக வந்தார். நின்றார். அமுக்கினார். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் ஸ்ட்ரெச்சரை ஓரம் கட்டிவிட்டு வந்து இரண்டு கையாலும் அமுக்கினார். விஷயம் எப்படிப் பரவியதோ, கூட்டம் சேர்ந்துவிட்டது. காவலாளி வந்தார். கலைந்து போகச் சொல்வார் என்று எல்லோரும் ஒதுங்கினார்கள். "வரிசையா வாங்க, தள்ளாதீங்க, எல்லாருக்கும் உண்டு" என்று சொல்லிவிட்டு, அவர் முதலில் அமுக்கிக்கொண்டார். மேலே ஒவ்வொரு மாடியிலிருந்தும் பாம் பாம் என்று கேட்க ஆரம்பித்தது. டிவியில் எண் முந்நூறைத் தாண்டியது. மேடை ஓரத்துப் பெட்டியின் பக்கத்தில், தூங்கி எழுந்த முகத்தோடு ஆலோசகர் நிற்பதைக் கேமரா ஒரு கணம் காட்டிவிட்டு அவசரமாகத் திரும்பிக்கொண்டது.

மறுநாள் சிஸ்டரை இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டார்கள். சோபாவைச் சிஸ்டர் முதன்முதலாகப் பார்த்தாள். நல்ல சோபாதான். மலர்ச்சி அதிகாரியும் மேட்ரன் அம்மாவும் நின்றுகொண்டிருந்தார்கள். இயக்குநர் கோபப்படவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"நேத்து சிவப்பு நானூத்துப் பன்னண்டு. விருதுக் கமிட்டி விளக்கம் கேட்டிருக்கு. நீங்க அனுமதி இல்லாம மேடைய விட்டுப் போயிருக்கீங்க. வேலையவிட்டே அனுப்பலாம். ஆனா நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல." ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். "ஒரு சின்னக் குழந்தை விளையாட்டா நானூத்துப் பன்னண்டு தடவையும் அமுக்கிடுச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. குழந்தை விஷயம், எல்லாரும் சிரிச்சுட்டு விட்டுடுவாங்க. உங்க பொண்ணுக்குக் கருவிய சரிபார்க்க வாரா வாரம் வரணுமாமே? ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் உங்களுக்கு அனுமதி. நானே கையெழுத்துப் போடறேன்."

வாரா வாரம் ஒரு மணி நேரம்.  அவள் கேட்டதற்கும் மேல் கிடைக்கிறது. குட்டி தப்பாக எதுவும் செய்ததாக ஆகாது, யாருக்கும் வேலை போகாது. மேட்ரன் அம்மாவைப் பார்த்தாள். அவர் இடுப்பை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்து, எழுதிவிடு என்பதுபோல மெல்லத் தலையசைத்தார்.

பேனாவை எடுத்தாள். இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

"என்னம்மா?" என்றார் இயக்குநர்.

சிஸ்டர் ஒற்றை விரலைத் தூக்கினாள். "ஒரு நிமிஷம் சார்."

அந்த அறையில் அவரை யாரும் காக்க வைத்ததில்லை. ஆனாலும் அவர் காத்திருந்தார். சிஸ்டர் குனிந்து, கேஸ் ஷீட்டில் எழுதுகிற அதே தெளிவான கையெழுத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளைத் திருப்பி அவர் பக்கம் வைத்துவிட்டு, பன்னிரண்டாம் படுக்கைக்காரருக்கு ஊசி போட நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். இயக்குநர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

'என் மகள் அமுக்கியது அறுபத்து மூன்று தடவை. நான் எண்ணினேன். மீதி முந்நூற்று நாற்பத்தொன்பதும் எங்களுடையவை. அதில் ஒன்று என்னுடையது. இந்தத் தடவை முழங்கை படவில்லை.'